புல்லட் வண்டியில் பீரங்கிப் படம் எதற்கு? துப்பாக்கி செய்த ஊர்களும் நம் ஊர் சைக்கிளும்

கடலூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு குண்டு சாலையும் குண்டு உப்பலவாடியும் தெரிந்த பெயர்கள். 1690-ல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை, அப்போது செஞ்சியில் இருந்த மராட்டிய மன்னர் ராஜாராமிடமிருந்து ஆங்கிலேயக் கம்பெனி விலைக்கு வாங்கியது. கோட்டையோடு சேர்த்து எவ்வளவு நிலம்? கோட்டையிலிருந்து பீரங்கியால் சுட்டால் குண்டு போய் விழும் இடம் வரைக்கும் என்று பேச்சு. கம்பெனிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? சென்னையிலிருந்து நல்ல பீரங்கியாகவும் கைதேர்ந்த பீரங்கிக்காரராகவும் பார்த்து அனுப்பினார்கள். குண்டு விழுந்த எல்லைக்குள் அகப்பட்ட ஊர்கள் எல்லாம் 'குண்டு கிராமங்கள்' ஆயின.

அதற்குப் பிறகு ஒரு நூறு வருஷம் கடலூரும் புதுச்சேரியும் மாறி மாறிச் சண்டை பார்த்தன. புதுச்சேரியை ஆங்கிலேயர்கள் 1761, 1778, 1793 என்று திரும்பத் திரும்பப் பிடித்தார்கள். 1783-ல் கடலூரில் புஸ்ஸியின் பிரெஞ்சுப் படையும் மைசூர்ப் படையும் ஒரு பக்கம், ஆங்கிலேயர் மறுபக்கம். யார் ஜெயித்தார்கள், யார் தோற்றார்கள் என்பதைப் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். அந்தச் சிப்பாய்கள் தோளில் சுமந்த துப்பாக்கிகளை எந்த ஊரில், யார், எப்படிச் செய்தார்கள் என்று மட்டும் நாம் கேட்டதில்லை. கேட்டுப் பார்த்தால், அந்தக் கேள்வி நம் வீட்டு வாசலில் நிற்கும் சைக்கிள் வரைக்கும் வந்து சேர்கிறது. புதுச்சேரியில் வாடகைக்குக் கிடைக்கும் புல்லட் வண்டி வரைக்கும் கூட.

பட்டறைகளால் ஆன ஊர்

பீரங்கி வார்ப்பது வேறு தொழில். இங்கே பேசுவது தோளில் சுமக்கும் துப்பாக்கியைப் பற்றி. அதில் ஆங்கிலேயர் பக்கம் தவிர்க்க முடியாத பெயர் பர்மிங்ஹாம்.

இங்கிலாந்தின் நடுவில் இருக்கும் ஊர் அது. துறைமுகம் கிடையாது, கப்பல் போகும் ஆறும் கிடையாது. ஆனால் பக்கத்திலேயே நிலக்கரியும் இரும்புத் தாதுவும் இருந்தன. ஆணி, பூட்டு, கத்தி, பொத்தான், கொக்கி என்று சின்னச் சின்ன உலோகச் சாமான்கள் செய்யும் கொல்லர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே இருந்தார்கள். 1693-ல் ஐந்து பர்மிங்ஹாம் துப்பாக்கிக் கொல்லர்கள் மாதம் 200 துப்பாக்கி செய்து தருவதாக அரசாங்கத்தோடு ஒப்பந்தம் போட்டார்கள். அதிலிருந்து வளர்ந்து, ஸ்டீல்ஹவுஸ் லேன், விட்டால் தெரு, பிரைஸ் தெரு, லவ்டே தெரு என்று சில தெருக்கள் முழுக்கத் துப்பாக்கிப் பட்டறைகளாகவே ஆகிவிட்டன. அந்தப் பகுதிக்கே 'கன் குவார்ட்டர்' என்று பெயர்.

அந்தக் காலத்துத் துப்பாக்கிக்கு மூன்று பெரிய பாகங்கள். குண்டு ஓடுகிற குழல், பொறி கிளப்புகிற விசை, இரண்டையும் தாங்குகிற மரக்கட்டை. குழலுக்குப் பட்டை இரும்பைப் பழுக்கக் காய்ச்சி, ஒரு கம்பியின் மேல் வளைத்துச் சுற்றி, ஓரத்தோடு ஓரம் சேர்த்து அடித்து ஒட்டுவார்கள். பிறகு உள்பக்கத்தைத் துளைத்து, வெளிப்பக்கத்தைச் சாணைக் கல்லில் தேய்ப்பார்கள். விசை பெரும்பாலும் பக்கத்து ஊர்களான வெட்ஸ்பரியிலும் டார்லஸ்டனிலும் தயாராகும். சக்கிமுக்கிக் கல்லைக் கவ்விக்கொண்டிருக்கும் ஒரு சுத்தி, குதிரையை இழுத்ததும் பாய்ந்து ஓர் இரும்புத் தகட்டில் உரசும். அதில் தெறிக்கும் பொறி மருந்தில் விழ வேண்டும். கட்டை வால்நட் மரத்தில்.

இத்தனையும் ஒரே கூரையின் கீழ் நடக்காது. திருகாணி போடுகிறவர் ஒரு வீட்டில், கட்டையில் குழலுக்குப் பள்ளம் செதுக்குகிறவர் இன்னொரு வீட்டில், விசையை அரம் போட்டு மெருகேற்றுகிறவர் அடுத்த தெருவில். பாதி முடிந்த பாகங்களைப் பையன்கள் சுமந்துகொண்டு பட்டறைக்குப் பட்டறை ஓடுவார்கள். கடைசியில் ஒருவர் எல்லாவற்றையும் சேர்த்துத் துப்பாக்கியாக்குவார். முழுத் துப்பாக்கியையும் தனியாளாகச் செய்யத் தெரிந்தவர் அபூர்வம். முதலாளி என்று இருந்தவருக்குப் பெரும்பாலும் ஒரு கிட்டங்கியும் ஒரு கணக்குப் புத்தகமும்தான் சொத்து.

1813-ல் சட்டம் போட்டு அங்கே ஒரு சோதனைச் சாலை தொடங்கினார்கள். வேலை எளிது, ஆனால் முக்கியமானது. வழக்கமாகப் போடும் அளவைவிட அதிக மருந்தைக் கெட்டித்து ஒவ்வொரு குழலையும் சுட்டுப் பார்ப்பார்கள். வெடித்துச் சிதறினால் போச்சு. தாங்கினால் முத்திரை குத்துவார்கள். அந்தச் சோதனைச் சாலை இன்றைக்கும் அதே இடத்தில் அதே வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

நெப்போலியனோடு சண்டை நடந்த காலத்தில் பர்மிங்ஹாம் உச்சத்துக்குப் போனது. 1804-லிருந்து பதினைந்து வருஷத்துக்குள் அரசாங்கத்துக்கு மட்டும் 17 லட்சம் துப்பாக்கிக்கு மேல் கொடுத்திருக்கிறது. அவற்றில் பெரும்பகுதி 'இந்தியா பேட்டர்ன்' என்ற வகை. குழல் 39 அங்குலம், அதற்கு முந்தைய 42 அங்குல வகையைவிடக் குட்டை, செலவும் குறைவு. ஈஸ்ட் இந்தியா கம்பெனி தன் சிப்பாய்களுக்காக வடிவமைத்த துப்பாக்கி அது. போர் முற்றியபோது கையில் சரக்கு இல்லாத பிரிட்டிஷ் அரசாங்கம் கம்பெனியிடமிருந்து வாங்கத் தொடங்கி, கடைசியில் அதையே தன் படைக்கும் வைத்துக்கொண்டது. நம் கடற்கரையில் சிப்பாய்கள் சுமந்த துப்பாக்கியின் வடிவம்தான், நெப்போலியன் கடைசியாகத் தோற்ற வாட்டர்லூ சண்டைக்கும் போனது.

அரம் போட்டுச் சேர்ப்பதும் கேஜ் வைத்துச் செய்வதும்

இந்தக் கட்டுரையில் ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்றால், இந்தப் பகுதியைத்தான் சொல்வேன்.

அந்த லட்சக்கணக்கான துப்பாக்கிகளும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ஆனால் ஒன்றின் விசையைக் கழற்றி இன்னொன்றில் மாட்ட முடியாது. அளவு கொடுத்துத் தைத்த ரவிக்கை மாதிரி, ஒவ்வொரு பாகமும் அதனதன் துப்பாக்கிக்கு மட்டுமே சேரும். ஏனென்றால் சேர்க்கிறவர் கையில் அரத்தை வைத்துக்கொண்டு, இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் தேய்த்துத்தான் உட்கார வைத்தார். ஐடிஐ-யில் ஃபிட்டர் படித்தவர்களுக்கு இது நன்றாகப் புரியும். ஒரு துண்டில் நீலச் சாயம் தடவி, இன்னொன்றின் பள்ளத்தில் வைத்து அழுத்தி எடுத்து, எங்கே சாயம் ஒட்டியிருக்கிறதோ அங்கே இடிக்கிறது என்று கண்டுபிடித்து, அந்த இடத்தை மட்டும் அரத்தால் தேய்த்து, மறுபடி வைத்து, மறுபடி தேய்த்து... ஒரு பொருத்துக்கு ஒரு நாள் போய்விடும்.

சண்டைக்களத்தில் இதன் விலை பெரிது. விசையின் ஸ்பிரிங் உடைந்தால் துப்பாக்கிக் கொல்லர் வந்தாக வேண்டும். இல்லையென்றால் அது வெறும் தடி. பர்மிங்ஹாமிலிருந்து கடலூருக்குக் கப்பலில் வந்து சேர மாதக்கணக்கில் ஆகும் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

இதற்கு மாற்றை முதலில் செய்து காட்டியவர்களில் ஒருவர் பிரான்ஸ்காரர், ஓனொரே பிளாங்க். 1785-ல் அவருடைய பட்டறைக்கு, அப்போது பாரிஸில் அமெரிக்கத் தூதராக இருந்த தாமஸ் ஜெஃபர்சன் போனார். ஐம்பது விசைகளின் பாகங்கள் தனித்தனியாகக் குவித்து வைக்கப்பட்டிருந்தன. ஜெஃபர்சன் கைக்கு வந்ததை எடுத்துத் தானே சில விசைகளைப் பூட்டிப் பார்த்தார். அரம் தேவைப்படவில்லை. அசந்துபோய் ஊருக்குக் கடிதம் எழுதினார். பிரான்ஸில் அந்த முறை நீடிக்கவில்லை, அமெரிக்கா பிடித்துக்கொண்டது.

அமெரிக்காவில் இதைச் சாதித்தவர் ஈலை விட்னி என்றுதான் பல பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. அது சரியில்லை. இரண்டு வருஷத்தில் பத்தாயிரம் துப்பாக்கி தருவதாக 1798-ல் ஒப்பந்தம் போட்டவர், முடித்துக் கொடுத்தது 1809-ல். அவருடைய துப்பாக்கிகளைப் பிற்காலத்தில் சோதித்தபோது பாகங்கள் ஒன்றுக்கொன்று சேரவும் இல்லை. உண்மையான உழைப்பு ஸ்பிரிங்ஃபீல்டிலும் ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரியிலும் இருந்த அரசாங்கத் துப்பாக்கிச் சாலைகளில் ஜான் ஹால், தாமஸ் பிளாஞ்சார்ட் போன்றவர்கள் கையிலும், தனியார் ஒப்பந்தக்காரரான சிமியன் நார்த்தின் பட்டறையிலும் நடந்தது. பிளாஞ்சார்ட் 1819-ல் ஒரு லேத் செய்தார். மாதிரிக் கட்டை ஒன்றை ஒரு சக்கரம் தடவிக்கொண்டே போகும், அதே நெளிவு சுளிவோடு இன்னொரு மரத்தைக் கத்தி செதுக்கிக்கொண்டே வரும். துப்பாக்கிக் கட்டைக்காக வந்த அந்த யந்திரம் பிறகு செருப்புக்கான மர அச்சும் கோடரிக் காம்பும் செதுக்கியது.

யந்திரத்தைவிடவும் முக்கியமானது கேஜ். அதாவது அளவு பார்க்கும் இரும்புச் சட்டம். ஒரு பாகத்தை அதன் ஜோடியோடு பொருத்திப் பார்ப்பதை விட்டுவிட்டு, இரண்டையும் தனித்தனியாகக் கேஜில் பொருத்திப் பார்ப்பார்கள். கேஜில் சேர்ந்தால் அது உலகத்தில் உள்ள எந்த ஜோடியோடும் சேரும். இன்றைக்கு எந்த லேத் பட்டறையிலும் 'கோ', 'நோ-கோ' என்று இரண்டு முனை உள்ள கேஜைப் பார்க்கலாம். ஒரு முனை துளைக்குள் போக வேண்டும், மறுமுனை போகக் கூடாது. அவ்வளவுதான். ஓட்டை சரியா என்று சொல்ல இருபது வருஷ அனுபவம் வேண்டியதில்லை. நேற்று வேலைக்குச் சேர்ந்த பையன் போதும்.

1854-ல் இங்கிலாந்திலிருந்து ஒரு குழு ஸ்பிரிங்ஃபீல்டுக்குப் போய்ப் பார்த்தது. நம்பிக்கை வராததால் ஒரு சோதனை வைத்தார்கள். 1844 முதல் 1853 வரை வருஷத்துக்கு ஒன்றாகப் பத்துத் துப்பாக்கிகளை எடுத்து, கழற்றி, பாகங்களைக் கலந்துவிட்டு, ஒரு தொழிலாளியைச் சேர்க்கச் சொன்னார்கள். அவர் கையில் ஒரு திருப்புளிதான். பத்தையும் பூட்டிக் கொடுத்தார். குழு யந்திரங்களுக்கு அங்கேயே ஆர்டர் கொடுத்துவிட்டு வந்தது. லண்டனுக்கு வடக்கே என்ஃபீல்டு என்ற இடத்தில் இருந்த அரசாங்கத் துப்பாக்கிச் சாலையில் அவை நிறுவப்பட்டன.

என்ஃபீல்டு என்ற பெயரை இந்தியா மறக்க முடியாது. 1857-ல் சிப்பாய்கள் கொதித்தெழக் காரணமான கொழுப்புத் தடவிய தோட்டா, 1853-ம் வருஷத்து என்ஃபீல்டு ரைஃபிளுக்கானது. நம் போலீஸ்காரர்கள் தோளில் பல பத்தாண்டுகள் தொங்கிய 'த்ரீ நாட் த்ரீ'யும் லீ-என்ஃபீல்டு பரம்பரைதான்.

துப்பாக்கிக்கு ஆர்டர் இல்லாதபோது

அரசாங்கமே யந்திரத்தில் துப்பாக்கி செய்ய ஆரம்பித்ததும் பர்மிங்ஹாம் பட்டறைக்காரர்களுக்கு வயிற்றில் புளி கரைத்தது. கொஞ்ச நாள் பழைய முறையே தாக்குப்பிடித்தது. அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு மட்டும் ஏழு லட்சத்துக்கு மேல் துப்பாக்கிகள் அங்கிருந்து போயின. ஆனால் போகிற போக்கு தெரிந்தவர்கள் சிலர் 1861-ல் ஒன்றுசேர்ந்து, அமெரிக்க யந்திரங்களோடு ஒரு பெரிய தொழிற்சாலை கட்டினார்கள். அதன் பெயர் பர்மிங்ஹாம் ஸ்மால் ஆர்ம்ஸ். சுருக்கமாக பி.எஸ்.ஏ.

ஆமாம், நம் பி.எஸ்.ஏ. சைக்கிள்தான்.

ஆயுதத் தொழிலில் ஒரு சிக்கல் உண்டு. சண்டை வந்தால் இரவு பகலாக வேலை, ஓய்ந்தால் யந்திரங்கள் தூசி படிந்து நிற்கும். 1870-களின் கடைசியில் பி.எஸ்.ஏ.வுக்கு அந்த நிலைமை வந்தது. 1880 வாக்கில் ஓட்டோ என்பவர் பக்கத்துக்குப் பக்கமாக இரண்டு சக்கரம் வைத்த ஒரு விநோத வண்டியைக் கொண்டுவந்து இயக்குநர்கள் முன் ஓட்டிக் காட்டினார். அதைச் செய்து கொடுக்கும் வேலை கிடைத்தது. சைக்கிள் சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப், அச்சு, மிதிக்கட்டை எல்லாம் துப்பாக்கி விசையைப் போலவே சின்ன, துல்லியமான, பெரிய எண்ணிக்கையில் தேவைப்படும் எஃகுப் பாகங்கள். கேஜும் தெரியும், அதைப் பிடிக்கத் தெரிந்த கைகளும் இருந்தன. மற்ற கம்பெனிகள் சட்டத்தை மட்டும் தாங்கள் செய்துகொண்டு, உள்ளே போடும் சாமான்களை பி.எஸ்.ஏ.விடம் வாங்கின.

அதன் தடம் இன்றைக்கும் இருக்கிறது. கியர் சைக்கிளின் மிதி அச்சு சுழலும் கூட்டுக்கு மெக்கானிக்குகள் 'பிபி' (பாட்டம் பிராக்கெட்) என்பார்கள். இன்று உலகம் முழுக்கப் பரவலாக இருக்கும் மரைகளில் ஒன்றுக்குப் பெயரே பி.எஸ்.ஏ. மரை. விட்டம் 1.37 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை. சங்கிலிப் பக்கம் இருக்கும் கப்பில் மரை எதிர்ப்பக்கமாக ஓடும். தெரியாமல் வழக்கம்போல் இடதுபக்கமாகத் திருகினால் இன்னும் இறுகும், சிலசமயம் மரையே போய்விடும். தைவானில் செய்த கப், பஞ்சாபில் செய்த சட்டத்தில் அரம் போடாமல் உட்காருகிறது என்றால், ஸ்பிரிங்ஃபீல்டில் பத்துத் துப்பாக்கியைக் கலந்துபோட்டுச் சேர்த்த அதே வித்தைதான் காரணம்.

ராயல் என்ஃபீல்டு கதை இன்னும் சுவையானது. பர்மிங்ஹாமுக்குத் தெற்கே ரெட்டிச் என்று ஓர் ஊர், தையல் ஊசிக்குப் பேர்போனது. அங்கே ஊசி செய்துகொண்டிருந்த டவுன்செண்ட் குடும்பம் சைக்கிளுக்கு மாறி, நொடித்தும் போனது. 1891-ல் அதை எடுத்து நடத்தியவர்களுக்கு, என்ஃபீல்டு துப்பாக்கிச் சாலைக்குத் துல்லியமான ரைஃபிள் பாகங்கள் செய்து தரும் ஒப்பந்தம் கிடைத்தது. அந்தப் பெருமையில் தங்கள் சைக்கிளுக்கு ராயல் என்ஃபீல்டு என்று பெயர் வைத்து, பீரங்கியைச் சின்னமாக்கி, 'துப்பாக்கி போலச் செய்தது' என்று விளம்பரமும் செய்தார்கள். மோட்டார் சைக்கிள் 1901-ல் வந்தது, புல்லட் என்ற பெயர் 1930-களில்.

அப்புறம்தான் நம் ஊர் வருகிறது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து சென்னையில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கியது, திருவொற்றியூரில் தொழிற்சாலை. இங்கிலாந்தில் 1970-ல் உற்பத்தி நின்றுபோனது. திருவொற்றியூரில் நிற்கவில்லை. சைக்கிள் பக்கம் பார்த்தால், 1949-ல் முருகப்பா குழுமம் பர்மிங்ஹாம் வட்டாரத்து டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸோடு கூட்டுச் சேர்ந்து அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கியது. பி.எஸ்.ஏ. பெயர் நமக்கு வந்தது அந்த வழியில். பர்மிங்ஹாமில் பி.எஸ்.ஏ.வின் மோட்டார் சைக்கிள் சாம்ராஜ்யம் 1973-ல் சரிந்தது. அந்த வட்டாரம் உருவாக்கிய இரண்டு பெயர்களும் தமிழ்நாட்டில் வண்டிகளாக ஓடிக்கொண்டிருந்தன. கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் நடுவே போகிற எந்த ஞாயிற்றுக்கிழமையும் இதற்குச் சாட்சி.

மறைக்கக் கூடாத பக்கம்

இதை வெறும் தொழில்நுட்ப வெற்றியாகச் சொல்லி முடிக்க எனக்கு மனம் வரவில்லை. பர்மிங்ஹாம் துப்பாக்கிகள் மூட்டை மூட்டையாக மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போயின. அங்கே அவை மனிதர்களை அடிமைகளாக வாங்குவதற்கான விலைப் பொருள்களில் ஒன்று. அந்த வியாபாரத்தில் செழித்தவர்களில் கால்டன் குடும்பமும் உண்டு. அவர்கள் குவேக்கர்கள். சண்டையே கூடாது என்பது அந்தச் சமயப் பிரிவின் அடிப்படை. 1790-களில் அந்தச் சபை சாமுவேல் கால்டனைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டது. அவர் அச்சிட்டுக் கொடுத்த பதிலில் இருந்த வாதம் இன்றைக்கும் உறுத்துகிறது. வரி கட்டுகிறவர், அரசாங்கத்துக்குச் சரக்கு விற்கிறவர் என்று இந்த ஊரில் போரால் பிழைக்காதவர் யார், என்னை மட்டும் ஏன் தனியாகக் குற்றம் சொல்கிறீர்கள் என்பது அவர் வாதம். சபை ஏற்கவில்லை, 1796-ல் அவரை விலக்கி வைத்தது. நான் சபை பக்கம்தான். எல்லாருக்கும் பங்கு இருக்கிறது என்பதால் அதிகமாகச் சம்பாதித்தவரின் பொறுப்பு குறைந்துவிடாது. நம் ஊர்ச் சிப்பாய்கள் நம் ஊர்க்காரர்களையே சுட்டதும் இதே துப்பாக்கிகளால்தான்.

பர்மிங்ஹாமுக்கும் இந்தச் சங்கடம் உண்டு. 1960-களில் வட்டச் சாலை போடும்போது கன் குவார்ட்டரில் பாதி இடிபட்டது. பிரைஸ் தெருப் பக்கம் சில பட்டறைகள் மிச்சம். 2011-ல் நகராட்சி அந்தப் பகுதியின் பெயரையே மாற்றியது, துப்பாக்கி என்ற பெயர் நல்லதாக இல்லை என்று. ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள், சில வருஷங்களில் பழைய பெயர் திரும்பி வந்தது. திரும்பி வந்தது நல்லது என்றே நினைக்கிறேன். பெயரை அழித்துவிட்டால் கேள்வியும் சேர்ந்து அழிந்துவிடும்.

புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை

பிரெஞ்சுக்காரர்கள் கதையும் இதே தடத்தில்தான் போகிறது. பிரான்ஸில் சேன்த்-எத்தியேன் என்ற நிலக்கரி ஊர். 1764-ல் அங்கே அரசரின் துப்பாக்கிச் சாலை. அந்தச் சாலைகளில் செய்த பிரெஞ்சுத் துப்பாக்கியின் குழல் விட்டம் 0.69 அங்குலம், ஆங்கிலேயருடையது 0.75. பிரெஞ்சுக் குண்டை ஆங்கிலேயத் துப்பாக்கியில் போட்டுச் சுட்டுவிடலாம், மாற்றிச் செய்ய முடியாது. அந்த ஊரிலும் துப்பாக்கிக்குப் பின்னால் சைக்கிள் வந்தது. இன்றைய வடிவத்துச் சைக்கிளைப் பிரான்ஸில் முதலில் 1886-ல் அங்கேதான் கோத்தியே சகோதரர்கள் செய்தார்கள் என்பார்கள். மான்யூஃபிரான்ஸ் என்ற கம்பெனி வேட்டைத் துப்பாக்கியையும் 'இரோந்தெல்' சைக்கிளையும் ஒரே விலைப் புத்தகத்தில் போட்டுத் தபாலில் விற்றது. அரசாங்கத் துப்பாக்கிச் சாலை 2001-ல் மூடப்பட்டு, அந்த வளாகத்தில் 2009-ல் வடிவமைப்பு நகரம் ஒன்று திறந்தது.

புதுச்சேரியில் நிறையப் பேருக்கு பிரான்ஸில் சொந்தக்காரர்கள் இருப்பார்கள். அங்கே போகிறவர்கள் லியோன் பக்கம் வந்தால், ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் சேன்த்-எத்தியேன் போய்விடலாம். அங்குள்ள கலை மற்றும் தொழில் அருங்காட்சியகத்தில் ரிப்பன், துப்பாக்கி, சைக்கிள் மூன்றையும் ஒரே கட்டடத்தில் வைத்திருக்கிறார்கள். துப்பாக்கிப் பகுதியில் கழற்றி வைத்த விசை ஏதாவது கண்ணில் பட்டால் கொஞ்சம் நின்று பாருங்கள். அப்படியே சைக்கிள் பகுதிக்குப் போய் ஒரு ஹப்பையும் பாருங்கள்.